கிராஸ் குட்டி வீட்டுக்கு வருதா? சின்ன நாய் வளர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஓர் உத்தரவு போட்டது. டெல்லி வட்டாரத்தின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று அதே மாதம் 11-ஆம் தேதி வந்த உத்தரவை அது மாற்றியது. கருத்தடை செய்து, குடற்புழு மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். ரேபிஸ் உள்ளவை, ரேபிஸ் சந்தேகம் உள்ளவை, ஆக்ரோஷமானவை மட்டும் விதிவிலக்கு என்றது. செய்திகளில் பெரிதாக வந்தது இந்தப் பகுதிதான்.

அதே உத்தரவில் அதிகம் பேசப்படாத ஒரு வரியும் உண்டு. விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு.

இது ஒரு வாசல். இன்னொரு வாசல் உங்கள் போனிலேயே இருக்கிறது. "மால்ட்டிபூ குட்டி, 40 நாள், எந்த ஊருக்கும் டெலிவரி உண்டு" என்று வரும் ரீல்ஸ். ஒன்று இலவசம், இன்னொன்று பல ஆயிரம் ரூபாய். ஆனால் இரண்டு வாசல் வழியாக வருவதும் கலப்பின நாய்தான்.

பெங்களூரிலோ, புனேயிலோ, குருகிராமிலோ ஒரு 2 பிஹெச்கே பிளாட்டில் இருந்துகொண்டு "பெரிய நாய் வேண்டாம், சின்னதா ஒரு கிராஸ் போதும்" என்று யோசிக்கிறீர்களா? எந்த கிராஸ் என்பதைவிட, எங்கிருந்து வருகிறது, யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் அந்த நாயின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிராஸ், மிக்ஸ், இண்டி: எல்லாம் ஒண்ணுதானா?

பேச்சில் ஒன்றுதான். நடைமுறையில் மூன்று வகை.

முதல் வகை, திட்டமிட்டு இரண்டு இனங்களைச் சேர்த்துப் பெயரும் வைத்து விற்கப்படுபவை. காக்கர் ஸ்பேனியலும் பூடுலும் சேர்ந்தால் காக்கபூ. மால்டீஸும் பூடுலும் சேர்ந்தால் மால்ட்டிபூ. பொமரேனியனும் ஹஸ்கியும் சேர்ந்தால் பாம்ஸ்கி. இவற்றை டிசைனர் நாய் என்கிறார்கள். பெயர் புது இனம் போலக் கேட்கும். ஆனால் குட்டி எந்தப் பெற்றோர் மாதிரி வளரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரே ஈற்றில் ஒன்று சுருள் முடியோடும் இன்னொன்று நேர் முடியோடும் இருக்கலாம்.

இரண்டாவது வகை, யாரும் திட்டமிடாமல் வீட்டிலோ தெருவிலோ பிறந்தவை. பொமரேனியன் கிராஸ், ஷிட்சு கிராஸ், லாசா கிராஸ், பக் கிராஸ் என்று சொல்லப்படுபவை. இங்கே ஒரு விஷயம். நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்க்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வகை. நம் வெயிலுக்குப் பழகியது, பொமரேனியனைவிடக் கொஞ்சம் பெரியது. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தின் டஃபி அந்த வகைதான்.

மூன்றாவது வகை, நம் தெருவில் இருக்கும் நாட்டு நாய், அதாவது இண்டி. இதில் வேறு இனங்கள் கலந்தவையும் உண்டு. இங்கே ஏமாறக்கூடிய இடம் சைஸ். இரண்டு மாதத்தில் உள்ளங்கையில் அடங்கும் இண்டி குட்டி, வளர்ந்தால் பொதுவாக 15 முதல் 25 கிலோ வரை வரும். சின்ன நாய்தான் வேண்டும் என்றால் குட்டியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தாயைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். நான்கு மாதத்தில் என்ன எடையோ, வளர்ந்தபின் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு என்பது தோராயக் கணக்கு. சைஸ் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் ஒரு வயது தாண்டிய நாயைத் தத்தெடுப்பதே நல்லது.

'கிராஸ்னா நோயே வராது' என்பது உண்மையா?

பாதி உண்மை. பல பரம்பரை நோய்கள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறைபாட்டு மரபணு வந்தால்தான் வெளிப்படும். ஒரே இனத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இனப்பெருக்கம் செய்யும்போது அந்த வாய்ப்பு கூடும். இரண்டு வேறு இனங்கள் சேரும்போது குறையும். 2018-ல் பிளாஸ் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு, 83,000-க்கும் அதிகமான கலப்பின நாய்களையும் சுமார் 18,000 தூய இன நாய்களையும் சோதித்தது. பரவலாகக் காணப்படும் இத்தகைய நோய்களுக்கு ஆளாகும் வாய்ப்பு தூய இனங்களுக்கே அதிகம் என்றது.

ஆனால் இரண்டு இனங்களிலும் அதே குறைபாடு இருந்தால்? பார்வையை மெல்ல மெல்லப் பறிக்கும் விழித்திரை நோய் ஒன்று காக்கர் ஸ்பேனியலிலும் உண்டு, பூடுலிலும் உண்டு. இரண்டையும் சோதிக்காமல் சேர்த்தால் காக்கபூ குட்டிக்கும் அது வரலாம். முழங்கால் சில்லு நழுவும் பிரச்சினை பல சின்ன இனங்களுக்குப் பொது. ஆகவே எந்த இரண்டைச் சேர்த்தாலும் அது கூடவே வரக்கூடும்.

பிரிட்டனில் 2024-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைத்தான் காட்டின. ராயல் வெட்னரி கல்லூரி ஆய்வாளர்கள் காக்கபூ, லாப்ரடூடில், கவபூ ஆகிய மூன்று டிசைனர் கலப்புகளை அவற்றின் பெற்றோர் இனங்களுடன் ஒப்பிட்டார்கள். நோய் ஒப்பீடுகளில் 86.6 சதவீதத்தில் வித்தியாசமே இல்லை. இன்னொரு ஆய்வு 5,84,734 நாய்களின் ஆயுளைக் கணக்கிட்டது. தூய இனங்களின் இடைநிலை ஆயுள் 12.7 வருஷம். கலப்பினங்களுக்கு 12.0.

அந்த ஆயுள் கணக்கில் இனத்தைவிடப் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது உடலமைப்பு. சின்ன உடல், நீண்ட மூக்கு கொண்ட பெண் நாய்களுக்கு 13.3 வருஷம். நடுத்தர உடல், தட்டை முகம் கொண்ட ஆண் நாய்களுக்கு 9.1 வருஷம். இங்கிலாந்துக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் இந்திய வெயிலில் தட்டை மூக்கு நாய்க்கு மூச்சு வாங்கும் என்பதை எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு பக் வாங்கியவர்கள் பலர் இதை ஏப்ரல், மே மாதங்களில்தான் புரிந்துகொண்டார்கள். பக் கிராஸ், ஷிட்சு கிராஸ் எடுப்பதாக இருந்தால் மூக்கு எவ்வளவு நீளம், மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா, சும்மா இருக்கும்போதே குறட்டை மாதிரி சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

குணம் இனத்தில் இருக்கிறதா?

"லாசா கிராஸ் கடிக்கும்", "பூடுல் கிராஸ் புத்திசாலி" என்றெல்லாம் சொல்வார்கள். 2022-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு 18,385 நாய்களின் உரிமையாளர்களிடம் கேள்வி கேட்டு, 2,155 நாய்களின் மரபணுவையும் படித்தது. ஒவ்வொரு நாயின் நடத்தையிலும் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்பது அதன் முடிவு. மிச்சம் அந்தத் தனி நாயின் இயல்பு, வளர்ப்பு, வயது, அனுபவம்.

அதனால் இனப் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல் நாயோடு நேரம் செலவிடுங்கள். வேறு வேறு நாளில் இரண்டு தடவையாவது போய்ப் பாருங்கள். சாவி கீழே விழுந்த சத்தத்துக்கு என்ன செய்கிறது? பயந்து ஓடி, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மோப்பம் பிடித்தால் நல்லது. மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தால் அதற்குப் பொறுமையான, அனுபவமுள்ள ஆள் தேவை. சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா? பாதத்தைத் தொட விடுகிறதா? முதல் முறை நாய் வளர்ப்பவருக்கு இந்தப் பதில்கள் எந்தச் சான்றிதழையும்விடப் பயன்படும்.

40 நாள் குட்டியை ஏன் வாங்கக் கூடாது?

முதல் காரணம், சட்டம். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆக "40 நாள் குட்டி" என்ற விளம்பரமே விதிமீறலின் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரிதான்.

இரண்டாவது காரணம், குட்டியின் மனசு. எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும், எப்போது விளையாட்டை நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும்தான். சீக்கிரம் பிரித்தால் அந்தப் பாடம் பாதியில் நின்றுவிடும். பிறகு உங்கள் கையும் காலும்தான் அதற்குப் பாடப்புத்தகம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை எளிமையானவை. தாயை நேரில் காட்டுவீர்களா? பிறந்த இடத்தைப் பார்க்கலாமா? பதிவு எண் என்ன? தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் கையெழுத்தும் ஊசியின் லேபிளும் இருக்கிறதா? "பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, அங்கேயே கொடுத்துடறேன்" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 'டீகப்' என்று விற்பதையும் நம்ப வேண்டாம். அப்படி ஒரு இனமே இல்லை. குட்டி அளவுக்கு மீறிச் சின்னதாக இருந்தால், ஒரு வேளை சாப்பாடு தவறினாலே ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம்.

பரிதாபப்பட்டு வாங்குவதும் சிக்கல்தான். "பாவம், அந்தக் கூண்டிலிருந்து காப்பாத்திட்டேன்" என்று நமக்குத் தோன்றும். விற்றவருக்கு அது இன்னொரு விற்பனை. அடுத்த ஈற்றுக்குத் தாயை மறுபடி தயார் செய்வார்.

அபார்ட்மென்ட்டில் அனுமதி உண்டா?

சொந்த வீடா, வாடகையா என்பதைப் பொறுத்தது. குடியிருப்போர் சங்கம் செல்லப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் முடியாது. லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது. செல்லப் பிராணிகளைத் தடுக்கும் சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-ல் தீர்ப்பளித்தது.

வாடகைதாரர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது. மேலே சொன்னது சங்கத்துக்கான பதில், வீட்டு உரிமையாளருக்கானது இல்லை. வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும் இடையிலானது. "ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று வாய்வார்த்தையை நம்பாமல், நாய் வைத்துக்கொள்ளலாம் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். அடுத்த வீடு தேடும்போது இதே பிரச்சினை மறுபடி வரும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

உரிமம் இன்னொரு விஷயம். டெல்லியில் மாநகராட்சிச் சட்டப்படி நாயைப் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம்; உரிமம் இல்லையென்றால் ரூ.5,000 அபராதம் என்று 2025 இறுதியில் மாநகராட்சி கெடுபிடி காட்டியது. கிராஸுக்கும் இண்டிக்கும் விலக்கு கிடையாது. நீங்கள் இருக்கும் ஊரின் மாநகராட்சி இணையதளத்தைப் பாருங்கள்.

நாய் யாரையாவது கடித்தால் "சின்ன நாய்தானே" என்ற வாதம் எடுபடாது. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் நாளில் இடம் இருக்கிறதா?

சின்ன நாய் 12 முதல் 15 வருஷம் வாழக்கூடியது. இப்போது உங்களுக்கு 27 வயது என்றால், உங்கள் நாற்பது வரை அது கூட இருக்கும். அதற்குள் இரண்டு மூன்று வேலை மாற்றம், கல்யாணம், குழந்தை, ஒருவேளை வெளிநாடு. இதெல்லாம் நடக்கும்போது நாயும் உங்கள் கூடவே வர வேண்டும்.

அன்றாடக் கணக்கு இப்படி. குட்டிக்கு முதல் சில மாதங்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கூட்டிப்போக வேண்டும். வளர்ந்த சின்ன நாய்க்குக் காலையும் மாலையும் நடை, நடுவில் ஒரு தடவை ஆள் வர வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் எடுத்த நாயை, ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டதும் திடீரென 10 மணி நேரம் பூட்டி வைத்தால் அது குரைக்கும், கதவைப் பிறாண்டும், சோபாவைக் கிழிக்கும். அது சேட்டை இல்லை, பயம். தனியாக இருப்பதை 5 நிமிடம், 15 நிமிடம், ஒரு மணி நேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க முடியும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள்? ரயிலில் கூட்டிப்போவதென்றால், ஏசி முதல் வகுப்பில் முழு கூபேயையும் புக் செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில்தான் அனுப்ப முடியும். பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்களும் உண்டு. பெயரும் போன் நம்பரும் பொறித்த பட்டை அந்த வாரம் கழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

முதல் நான்கு மாதத்தில் என்ன செய்யணும்?

தடுப்பூசி: பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டு ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ரேபிஸ் ஊசி 12 வாரத்தில், அதன்பின் மருத்துவர் சொல்லும் தேதியில் பூஸ்டர். ஒரு ஊசி போட்டுவிட்டு "முடிஞ்சுது" என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆரம்ப ஊசியின் வேலையைத் தடுத்துவிடலாம். அதனால்தான் அடுத்தடுத்த ஊசிகள்.

பழக்கம்: குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம். ஆனால் ஊசி முடியும் முன் தெருவில் இறக்கினால் பார்வோ அபாயம். இரண்டையும் சமாளிக்க வழி, குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போவது. ஆட்டோ சத்தம், லிஃப்ட், ஹெல்மெட் போட்ட டெலிவரி ஊழியர், குழந்தைகள் எல்லாவற்றையும் கையில் இருந்தே பார்க்கட்டும்.

குடற்புழு: குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து, மூன்று மாதத்துக்குப் பிறகு இடைவெளி கூடும். அளவு எடையைப் பொறுத்தது.

கருத்தடை: சின்ன நாய்கள் சீக்கிரம் பருவத்துக்கு வரும், பெண் நாய் 6 மாதத்திலேயே வரலாம். எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குப் பின்னாளில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. எதிர்பாராத ஒரு ஈற்றில் பிறக்கும் நாலைந்து குட்டிகளுக்கு யார் வீடு தேடுவது என்ற கேள்வியும் இருக்கிறது.

சின்ன நாய்க்கென்றே சில கவனங்கள்

உணவு: கருத்தடை செய்த 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 350 முதல் 400 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. டீ குடிக்கும்போது ஆளுக்கு ஒன்று என்று ஐந்து பிஸ்கட் கொடுத்தால், அதன் ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பால் சாதம், தயிர் சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் புரதமும் கால்சியமும் போதாது. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் மருத்துவரிடம் அளவு எழுதி வாங்குங்கள்.

விஷம்: திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சுகர்ஃப்ரீ சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் ஆகியவை ஆபத்தானவை. நமக்கு ஒரு கைப்பிடி என்பது 4 கிலோ உடம்புக்கு மிகப் பெரிய அளவு. பாயசத்தில் இருக்கும் திராட்சையும் கணக்கில் சேரும். காய்ச்சல் என்று பாராசிட்டமால், இபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது.

உண்ணி: இந்தியாவில் வீட்டு நாய்க்கும் வரும் பெரிய தொல்லை. உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா, பேபீசியா நோய்களில் காய்ச்சல், சாப்பாட்டில் விருப்பமின்மை, வெளிறிய ஈறு தெரியும். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணி மாத்திரை எடைக்கு ஏற்றபடிதான் வரும். பெரிய நாய் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது பாதுகாப்பானதல்ல.

பல்: சின்ன வாயில் அதே 42 பல். நெருக்கமாக இருப்பதால் அழுக்கு சேர்ந்து ஈறு சீக்கிரம் கெடும். நாய்க்கான பேஸ்ட்டில் தேய்க்கப் பழக்குங்கள். நம் பேஸ்ட் வேண்டாம்.

கழுத்து: பல சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது. கழுத்துப் பட்டையில் லீஷ் கட்டி இழுப்பதைவிட, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லது.

வெயில்: தார்ச்சாலையில் புறங்கையை 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

கடிச்சா, கீறினா?

மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, 2024-ல் நாட்டில் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கும் அதிகம். எல்லாக் கடியும் தெருவில் நடப்பதில்லை. வீட்டு நாயோ, தத்தெடுத்த குட்டியோ, கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனை. குறிப்பாக, ஊசி முடியாத குட்டி என்றால் "பால் பல்தானே" என்று விடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்கு முன் தடுப்பது எளிது.

முடியலைன்னா விட்டுடலாமா?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 1.53 கோடி தெருநாய்கள். அந்தக் கூட்டத்தில் பட்டையின் தழும்போடு நிற்கும் ஸ்பிட்ஸ்களையும் ஷிட்சுகளையும் எந்தக் காப்பகத்திலும் பார்க்கலாம். தெருவில் பிழைக்கத் தெரியாத நாய் அது. கருத்தடை செய்யாமல் விட்டிருந்தால் தெருவின் எண்ணிக்கையையும் கூட்டும்.

பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்குத் தண்டனை எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். குட்டிக்கு வாங்கிய பொம்மையின் விலைகூட அதைவிட அதிகம். ஆகவே சட்டம் பயமுறுத்தித் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தடுக்க முடிவது நாயை எடுப்பதற்கு முந்தின நாள் மட்டும்தான்.

அந்த நாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா? மதியம் யார் வருவார்கள்? ஒரு ராத்திரி அவசர சிகிச்சைக்குப் பணம் தனியாக இருக்கிறதா? வீட்டில் கூட இருப்பவர் முழு மனதாகச் சம்மதித்தாரா? ஊர் மாறினால் என்ன ஏற்பாடு?

ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் நாய் ஆசையை விட வேண்டியதில்லை. பல ஊர்களில் விலங்குநல அமைப்புகள் சில வாரங்களுக்கு நாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகின்றன. அறுவை சிகிச்சை முடிந்த இண்டி, யாரோ விட்டுப்போன ஸ்பிட்ஸ், வீடு கிடைக்கும்வரை தங்க இடம் தேவைப்படும் குட்டி. ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். காலை 6 மணிக்கு எழ முடிகிறதா, மழையில் கூட்டிப்போக முடிகிறதா, ஆபீஸ் நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் நாய் தெருவுக்குப் போகாது, அடுத்த வீட்டுக்குப் போகும். முடிந்தால், எந்த இனம் என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கும்.